மூன்று பேசின்

ஜூன் 9, திங்கள்

பாத்திரம் கழுவுவதற்குச் சரியான முறை ஒன்றுதான் உண்டு. மற்றவை எல்லாம் சோம்பலின் வகைகள். இதை என் மருமகள் விஜிலாவிடம் இன்று நான் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதல் பேசினில் சோப்புத் தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில். இரண்டாவதில் வெறும் வெந்நீர். மூன்றாவதில் ஒரு கை கல்லுப்பு போட்ட பச்சைத் தண்ணீர். முதலில் கண்ணாடி டம்ளர்கள், அடுத்து கரண்டிகள், அதன் பிறகு பீங்கான் தட்டுகள், கடைசியாக மீன் சட்டி. துடைக்கத் தனித்துணி. கான்வென்டில் மதர் கிளமென்டைன் எங்களை வரிசையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தது இது. "நுரையை நம்பாதீர்கள், நுரை பொய் சொல்லும். குனிந்து மோந்து பாருங்கள். தண்ணீரில் வாடை வந்தால் மாற்றுங்கள்" என்பார். நான் தட்டுகளை முன்னதாகவே நன்றாக வழித்துவிடுவதால் இப்போதெல்லாம் தண்ணீர் மாற்ற வேண்டியதே இல்லை. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் முழுவதையும் ஒரே தண்ணீரில் முடித்துவிடுகிறேன். மதர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விஜிலா குழாயைத் திறந்துவிட்டு, பஞ்சில் சோப்பை ஊற்றி, டம்ளரும் சட்டியும் கலந்து கிடக்க, ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு தண்ணீரை இப்படி ஓடவிடுவதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அவள் நாகர்கோவில்காரி. அங்கே குளமும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள்.

காலையில் ஒருவன் என் மகன் டெரன்ஸைத் தேடி வாசலில் நின்றான். யார் என்று கேட்டதற்கு, "சார்ட்ட சொன்னா தெரியும்மா" என்றான். கையில் சாவிக்கொத்து. வீட்டு புரோக்கர்களுக்கென்று ஒரு முகம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

விஜிலா வேலைக்குப் போகவில்லை. ஷிப்பிங் ஆபீசில் லீவு சொல்லியிருக்கிறாளாம். முதுகுவலி என்றாள். முதுகுவலிக்காரி முகத்தைச் சுளிப்பாள், இடுப்பைப் பிடிப்பாள். இவள் இரண்டும் செய்யவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

புரோக்கரைப் பற்றி டெரன்ஸிடம் கேட்டேன். "ஆபீஸ் நண்பருக்கு வீடு பாக்கச் சொன்னாம்மா" என்று சொல்லிவிட்டு, நான் மேலே கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய அப்பாவும் பொய் சொல்லும்போது செருப்பைத்தான் தேடுவார்.

ஜூன் 14, சனி

அவர்கள் போகப் பார்க்கிறார்கள்.

எழுதிவிட்டேன். இனி அது கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

போகட்டும். என் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடமாகிறது. இந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்க எனக்குத் தெரியும். பூசைக்குப் போகவும் பால் வாங்கவும் கால் இருக்கிறது. ஆனால் ஏன் மறைக்க வேண்டும்? அதைத்தான் கேட்கிறேன்.

மாலையில் பூக்காரியிடம் மாதா படத்துக்கு மல்லிகை வாங்கினேன். வாசனை சிறிதும் இல்லை. "நேத்துப் பூவுக்குத் தண்ணி தெளிச்சுக் குடுக்கியா?" என்று கேட்டேன். "யம்மா, இப்பம் பறிச்ச பூம்மா, வீடெல்லாம் மணக்கே!" என்றாள். எதிரில் நின்றுகொண்டே பொய். இனி இவளிடம் வாங்கப் போவதில்லை. காபித்தூள் கடைக்காரனை மாற்றியாயிற்று, இப்போது இவள். போன வருடம் அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து பார்க்கிறேன், எந்தப் பொருளிலும் சத்து இல்லாமல் போய்விட்டது. மீன்கூட ஐஸ் போட்டுப் போட்டு வெறும் சக்கையாக வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நான் கண்ணால் பார்த்தது:

மதியம் நான் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்த டம்ளரை விஜிலா எடுத்தாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் மூக்கருகில் கொண்டுபோனாள். திரும்ப வைத்தாள். அடுத்த டம்ளரை எடுத்தாள். அதையும் மோந்தாள். பிறகு தன் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

நான் கூடத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தே செய்திருக்கலாம்.

ஜூன் 18, புதன்

மதியம் சாளை மீன் குழம்பு. விஜிலா ஊறுகாயும் மோரும் மட்டும் போதும் என்றாள். நாகர்கோவில்காரிக்குச் சாளை வேண்டாமாம். ஏழு வருடமாகச் சட்டியை வழித்துத் தின்றவள்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு சோதனை செய்தேன். சொல்வதற்கு வெட்கமில்லை. வீட்டில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வது வீட்டுக்காரியின் கடமை.

மதியப் பாத்திரங்களைக் கழுவி முடித்ததும், ஒவ்வொரு பீங்கான் தட்டின் அடியிலும் முகப்பவுடரை விரலால் ஒரு பொட்டு வைத்தேன். (இந்தப் பவுடருக்கும் இப்போது மணமே கிடையாது. டப்பா மட்டும் பெரிதாக இருக்கிறது.) அலமாரியில் அடுக்கினேன். படுக்கப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மெதுவாகத் திறந்திருக்கிறாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நான்கு மணிக்குப் போய்த் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. தட்டுகளின் விளிம்பில் ஈரம். தொட்டியின் மூலையில் பிழிந்த எலுமிச்சைத் தோல்கள்.

ஆக, நான் கழுவியதை இவள் திரும்பக் கழுவுகிறாள். எத்தனை நாளாக நடக்கிறதோ. நான் தினமும் மூன்று பேசின் வைத்து, முட்டிவலியோடு நின்று கழுவியதெல்லாம் இந்த வீட்டில் வேடிக்கையாக இருந்திருக்கிறது.

ஜூன் 21, சனி

டெரன்ஸ் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஒன் பொண்டாட்டி நான் கழுவுன தட்டத் திரும்பக் கழுவுதா. தெரியுமா ஒனக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "தெரியும்மா."

"தெரியுமா! ஏன்னு கேட்டியா?"

"விடுங்கம்மா. தட்டுதான?"

"தட்டு இல்ல. நான்."

விஜிலா அறையிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "இல்ல அத்தை, சும்மா ஒருக்கா அலசி வச்சேன். வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அழுக்கு இருந்துச்சா? சொல்லு. எந்தத் தட்டுல, எந்த எடத்துல?"

"அழுக்கு இல்ல அத்தை."

"அப்ப எதுக்கு எலுமிச்சம்பழம்?"

அவள் டெரன்ஸைப் பார்த்தாள். டெரன்ஸ் தட்டைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வாய்க்குள் வைத்து அடைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அவன் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். மோர் ஊற்றிக்கொள்ளவில்லை.

தட்டு பளபளவென்றுதானே இருக்கிறது? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் முகமே தெரிகிறது. இதைவிட என்ன வேண்டும் இவர்களுக்கு?

ஜூன் 23, திங்கள்

காய்கறிக்காரனுக்காகப் பின்வாசலில் நின்றேன். விஜிலாவின் அறை ஜன்னல் அங்கே இருப்பதால் அவள் தன் அம்மாவோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. காய்கறிக்காரன் வரத் தாமதமாயிற்று.

"இல்லம்மா, நான் சொல்ல மாட்டேன்... அத்தைக்கிட்டப் போயி எப்பிடிச் சொல்லுவேன்? செத்துப் போவாங்க... ம்... பின்தெருவுல ஒரு போர்ஷன் பாத்திருக்காரு. கீழ்வீடுதான், படி இல்ல. தனி அடுக்களை... ஒண்ணும் திங்க முடியல்லம்மா. இந்த அடுக்களைக்குள்ள கால் வைக்க முடியல்ல... மூணு மாசம் கழியட்டும். அதுக்குப் பொறவு சொல்லிக்கிடலாம்."

காய்கறிக்காரன் வந்தான். கத்தரிக்காய் வாங்கினேன். எடையைச் சரிபார்க்கவில்லை.

பின்தெரு. தனி அடுக்களை. எனக்குச் சொல்லாமல் போய், மூன்று மாதம் கழித்துச் சொல்வார்களாம். நான் செத்துப் போவேனாம்! நான் சாக மாட்டேன். இந்த வீட்டிலிருந்து எத்தனை பேரைக் கல்லறைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

வாடகைக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ரொசாரி அண்ணனின் மகன் ஆறு மாதத்துக்கு என்றுதான் போனான். இப்போது கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருகிறான்.

ஜூன் 28, சனி

விஜிலா இன்று இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு எடுத்தாள்.

ஒரு பெண் வாந்தி எடுத்தால் மாமியார் என்ன நினைப்பாள் என்று எனக்கும் தெரியும். இந்த ஏழு வருடத்தில் நான் அப்படிப் பல முறை நினைத்து, மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்து, பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை அது உண்மையாகவே இருந்து, பிறகு இல்லாமல் போனது. இனி அந்தப் பக்கம் என் மனம் போகப் போவதில்லை. இது வெளியில் வாங்கித் தின்ற ஏதோ ஒன்று.

பாத்திரம் விளக்கும் சோப்பு புட்டியை மோந்து பார்த்தேன். எலுமிச்சை மணம் என்று லேபிளில் எழுதியிருக்கிறது. ஒரு மணமும் இல்லை. யாரோ தண்ணீர் கலந்து வைத்திருக்கிறார்கள். யார் என்று சொல்ல வேண்டுமா?

ஜூலை 2, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மதியம் நான் பேசின்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஊளி மீன் வறுத்த சட்டி மட்டும் பாக்கி. விஜிலா தண்ணீர் எடுக்க வந்தாள். என் அருகில் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டியைப் பிடித்தாள். அடக்க முடியாமல் அங்கேயே எடுத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னப் பாத்தா ஒனக்கு கொமட்டுதா? என் கை பட்ட தண்ணியப் பாத்தா கொமட்டுதா? வாய் தெறந்து சொல்லு. சொல்லிட்டு பின்தெருவுக்குப் போ. நான் என்ன தடுக்கவா போறேன்?" என்றேன். குரலை வேண்டுமென்றே உயர்த்தினேன் என்று சொல்ல முடியாது. உயர்ந்துவிட்டது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். டெரன்ஸ் சாப்பிட வந்த நேரம். ஓடி வந்து அவளைத் தூக்கினான்.

"அம்மா! அவ உண்டாயிருக்கா. பத்து வாரம். போன ரெண்டு தடவயும் எல்லார்ட்டயும் சொல்லி, அப்புறம் எல்லார்ட்டயும் இல்லைன்னு சொன்னோம். இந்த வாட்டி மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தோம். டாக்டர் அசையக் கூடாதுன்னுட்டாங்க. ஊருக்கும் போக முடியாது."

கையில் நுரையோடு நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளுக்குத் துவாலை எடுத்துக் கொடுத்தேன்.

இறைவனுக்கு நன்றி.

ஜூலை 3, வியாழன்

ஆக, காரணம் மூக்கு. கர்ப்பிணிகளுக்கு மூக்கு கூர்மையாகிவிடும் என்பது தெரிந்ததுதானே. டெரன்ஸ் வயிற்றில் இருந்தபோது எனக்குத் தாளித்த வெங்காயம் ஆகாது, அவர் போட்ட சென்ட் ஆகாது. இல்லாத வாடையெல்லாம் இருப்பது போலத் தோன்றும். என் தட்டில் ஒரு குற்றமும் இருக்கவில்லை.

விஜிலாவிடமே கேட்டேன். "அப்ப ஒன் மூக்குதான் காரணம், இல்லையா?"

"ஆமா அத்தை. எனக்க மூக்குதான். ஒங்க தட்டுல ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பாக இருக்கும்.

ஜூலை 5, சனி

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்தெருப் போர்ஷன் அப்படியேதான் இருக்கிறது. டெரன்ஸ் இன்று மெதுவாகச் சொன்னான். அவளுக்குச் சமையலறை வாடை ஆகவில்லை, பிள்ளை பிறக்கும் வரைக்கும் அங்கே இருக்கலாம் என்று பார்க்கிறார்களாம். திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சாவி வாங்குகிறார்களாம்.

"கோளாறு அவ மூக்குலதான? மூக்கு அங்கயும் கூடத்தான வரும்?" என்று கேட்டேன்.

அப்பாவைப் போலவே செருப்பைத் தேடினான்.

பிள்ளை பிறக்கும் வரைக்கும் என்கிறான். பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் கட்டிய வீட்டை விட்டு யார் வருவார்கள்? என் பேரப்பிள்ளையைப் பார்க்க நான் பின்தெருவுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கதவைத் தட்ட வேண்டும்.

இவர்கள் இன்னும் எதையோ மறைக்கிறார்கள். எனக்குத் தெரிகிறது.

ஜூலை 9, புதன்

ஹில்டா வந்தாள். மாதா கோயில் கொடியேற்றத்துக்காகச் சென்னையிலிருந்து முன்னதாகவே வந்து தங்கை வீட்டில் தங்கியிருக்கிறாள். பள்ளியில் ஒன்பது வருடம் என் பக்கத்துப் பெஞ்சு. இன்னும் தலைக்குச் சாயம் அடிக்கிறாள். இந்த வயதில் எதற்கென்று நான் கேட்கவில்லை.

சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் எடுக்கும் ரோஜாப்பூக் கோப்பையில் டீ கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனாள். கீழே வைத்தாள். அப்புறம் பேசிக்கொண்டே இருந்தாள். பேரன் கனடா போனது, மருமகன் கார் வாங்கியது. டீ ஆறி ஆடை கட்டியது.

"குடியேன் ஹில்டா."

"சுகர் ஏட்டி. டாக்டர் வேண்டாம்னுட்டாரு."

"சீனி போடலயே."

"அப்பிடியா" என்றாள். கோப்பையை எடுக்கவில்லை.

பாத்திரம் ஒதுக்க நான் எழுந்தபோது அவளும் கூடவே சமையலறைக்கு வந்தாள். மூன்று பேசின்களையும் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி பெர்னா! மதர் கிளமென்டைன் செத்தும் ஒன்ன விடல பாரு!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஒருத்தி வந்தாளே என்று.

பிறகு அவள் முதல் பேசினைப் பார்த்தாள். "இந்தத் தண்ணிய எப்பம் மாத்துவ?"

"வாடை வந்தா மாத்துவேன். அதுவும் மறந்து போச்சா ஒனக்கு?"

ஹில்டா குனிந்தாள். உடனே நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் அப்படி என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. கணக்கில் நான் பெயிலான அன்றுகூட இப்படிப் பார்க்கவில்லை.

"பெர்னா, ஒனக்கு இது வாடை இல்லியா?"

"ஜலதோஷம்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"நேத்துல இருந்து."

ஹில்டா பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் தென்னை மூட்டில் ஊற்றினாள். புதுத் தண்ணீர் பிடித்தாள், அடுப்பில் சுட வைத்தாள், அந்தக் கோப்பையைத் தானே கழுவித் தானே டீ போட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். இன்னொருத்தி வீட்டுச் சமையலறையில் இப்படி அதிகாரம் செய்வது ஹில்டாவுக்குப் பழக்கம்தான்.

போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து, "வீட்டுல சொல்லிரு ஏட்டி" என்றாள். எதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

பீரோவைத் திறந்து அவருடைய சென்ட் புட்டியை எடுத்து மூடியைக் கழற்றினேன். மணம் போயிருக்கிறது. பழசு.

தலைவலித் தைலம். எரிகிறது, அவ்வளவுதான்.

பெருங்காயம். பூண்டு. கழிவறைக்கு ஊற்றும் பினாயில். சாம்பிராணி.

இத்தனை கடைக்காரர்களும் ஒன்றுகூடி என் ஒருத்தியை ஏமாற்றுகிறார்கள் என்றால், அது மிகப் பெரிய சதியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

ஜலதோஷம் நீடிக்கிறது.

ஜூலை 12, சனி

பால் தீய்ந்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அசையக் கூடாது என்று சொல்லப்பட்டவள் அறையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"அத்தை, தீயுது அத்தை!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்க்காதது போலச் சட்டியைப் பார்த்தாள்.

"நீ எதுக்கு ஓடி வார? போய்ப் படு" என்று அதட்டினேன்.

போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் வழக்கமாக அப்படிச் செய்கிறவள் இல்லை. அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன தெரியும் என்பதை அல்ல.

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. தூபம் போட்டார்கள். புகை தெரிந்தது.

நாளை சாவி. விஜிலா உட்கார்ந்த இடத்திலிருந்தே டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றுகிறாள். அவள் சீதனமாகக் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்கள் மட்டும். என்னுடையது ஒன்றையும் தொடவில்லை. நேர்மையானவள்தான். அதை நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும்.

டெரன்ஸ் என்னிடம், "தெனமும் வந்து பாத்துக்கிடுவேம்மா" என்றான். வந்து பார்ப்பவர்கள் விருந்தாளிகள்.

அவள் ஏன் போகிறாள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். நான் செத்துப் போவேன் என்று பயப்படுகிறார்கள். அவர்கள் வாயைத் திறக்காத வரைக்கும் நானும் திறக்க வேண்டியதில்லை. எல்லோரும் மரியாதையாகப் பிரிந்துவிடலாம். அதுவும் ஒரு வழிதான்.

ஜூலை 14, திங்கள்

மதியம் சாளைக் குழம்புச் சாப்பாடு முடிந்து டெரன்ஸ் ஆபீசுக்குத் திரும்பிவிட்டான். நான் வழக்கம் போல மூன்று பேசின் வைத்தேன். டம்ளர்களும் தட்டுகளும் கழுவினேன். துடைத்தேன். ஆனால் அலமாரியில் அடுக்கவில்லை. பெரிய தட்டத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், விஜிலாவுக்கு எதிரில் மேசையில் வைத்தேன்.

"இத ஒருக்கப் பாத்துக் குடு" என்றேன்.

"என்னத்த அத்தை?"

"சோதிச்சுக் குடு. கான்வென்ட்ல ஒருத்தி கழுவுவா, இன்னொருத்தி சோதிப்பா. அப்பத்தான் இந்த முறை முழுசாகும். இத்தன நாளா ஒனக்கு அதச் சொல்ல விட்டுப்போச்சு."

அவள் பேப்பரைக் கீழே வைத்தாள். "எப்பிடி அத்தை சோதிக்க? வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கவா?"

"பாத்து இல்ல. மோந்து."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கான்வென்ட்ல அப்பிடியா செய்வாங்க?" குரல் மிக மெதுவாக வந்தது.

"ஆமா. மூக்கு நல்லா இருக்குதவளாப் பாத்துத்தான் அந்த வேலைக்குப் போடுவாங்க. கழுவுததுக்கு யார வேணாலும் போடலாம்."

"ஒங்களப் போட்டிருக்காங்களா அத்தை?"

"ரெண்டு வருசம்."

அவள் எழுந்துபோய் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு முதல் டம்ளரை எடுத்தாள். அடுத்தது. இரண்டையும் வலப்பக்கம் வைத்தாள். ஒரு தட்டை மோந்து, எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் கண்ணை மூடியிருந்தாள். அந்தத் தட்டை இடப்பக்கம் வைத்தாள். "அத்தை, இது" என்றாள். அடுத்த தட்டும் இடப்பக்கம். அதற்கடுத்ததும்.

இந்த வீட்டில் இதுவரை யாரும் ஒரு தட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்ததில்லை. என் மாமியார்கூட.

திருப்பிக் கொடுத்தவற்றை எடுத்துக்கொண்டு போனேன். பேசின் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் சுட வைத்தேன். திரும்பக் கழுவிக்கொண்டு வந்தேன். மூன்றில் ஒன்று மறுபடியும் இடப்பக்கம் போனது.

"என்னளா, வேணும்னே வைக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை, சத்தியமா! சாளை. விளிம்புல நிக்குது." பிறகு தயங்கித் தயங்கி, "கடைசியில உப்புத் தண்ணிக்குப் பதிலா ஒருக்கா குழாயில காட்டிப் பாப்பமா?" என்றாள்.

"சோதிக்கத்தான் ஒன்னப் போட்டிருக்கு. யோசனை சொல்ல இல்ல."

ஆனால் குழாயைத் திறந்தேன். நூல் மாதிரி, மெல்லிசாக. அந்தத் தட்டு வலப்பக்கம் போயிற்று.

"இனிமே தண்ணி எப்ப மாத்தணும்னு நீயே சொல்லு. பேசினக் கொண்டாந்து காட்டுதேன்" என்றேன். "அடுப்புப் பக்கமும் கொஞ்சம் மூக்க வச்சுக்கோ. எனக்கு இந்த ஜலதோஷம் லேசுல விடாது போலிருக்கு."

"சரி அத்தை" என்றாள். ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரி.

டெரன்ஸ் மாலையில் நேராகப் புரோக்கரிடம் போவதற்காக அவளுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"சாவி வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

"ஏன், என்னாச்சு? அம்மா எதும் சொன்னாங்களா?"

"ஆமா. எனக்கு இங்க வேல போட்டிருக்காங்க."

"வேலயா! ஒன்ன அசையக் கூடாதுன்னு..."

"உக்காந்து செய்யுத வேலதான். வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்."

பேப்பரில் சுற்றிய டம்ளர்களைப் பிரித்துத் தட்டத்தில் வைத்தாள். அவற்றையும் கழுவி வைக்க வேண்டும், அச்சு மை ஒட்டியிருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கான்வென்டில் சோதிப்பவள் என்று யாரும் இருந்ததில்லை. மூக்கு நன்றாக இருப்பவளைத் தேர்ந்தெடுத்ததும் இல்லை, என்னை இரண்டு வருடம் வைத்ததும் இல்லை. இறந்துபோன கன்னியாஸ்திரீகள் பெயரில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட வேண்டும். வேறு ஏதாவது உண்டா என்று ஃபாதர் கேட்பார். வேறு ஒன்றும் இல்லை என்று சொல்வேன்.